எபோலா செய்திகளில் விடுபட்டுப்போகும் மூன்று தகவல்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஆப்பிரிக்காவில் எபோலா தலைகாட்டும்போதெல்லாம் நாளிதழ்களில் ஒரே அச்சில் வார்த்தது போன்ற செய்தி வருகிறது. இத்தனை பேர் பலி, வௌவாலிலிருந்து பரவியது, உடலெங்கும் ரத்தம் கசியும், மருந்தே இல்லாத உயிர்க்கொல்லி. சில வாரங்களில் செய்தி நின்றுவிடும். அடுத்த முறை நோய் வரும்போது அதே வரிகள் திரும்பவும் வரும். இவற்றில் சில இன்று உண்மையல்ல. மற்றவை உண்மையே என்றாலும், நோய் அடங்குகிறதா கைமீறுகிறதா என்று வாசகர் புரிந்துகொள்ள உதவாதவை. அதைச் சொல்பவை வேறு மூன்று தகவல்கள்: வந்திருப்பது எபோலா வைரஸின் எந்த இனம், தொற்றியவர்களில் எத்தனை பேர் மருத்துவப் பணியாளர்கள், புதிய நோயாளிகளில் எத்தனை பேரின் பெயர், நோயாளிகளோடு தொடர்பில் இருந்தோரின் கண்காணிப்புப் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. இம்மூன்றையும் தங்கள் நாளிதழ் கேட்டு வெளியிட வேண்டும் என்பதற்காகவே இக்கடிதம்.

முதன்முதலாக அறியப்பட்ட பரவலிலிருந்தே தொடங்கலாம். 1976 ஆகஸ்ட் இறுதியில், அப்போது ஜைர் என்றழைக்கப்பட்ட காங்கோவில், யாம்புகு என்ற ஊரின் மிஷன் மருத்துவமனைக்கு ஒருவர் காய்ச்சலோடு வந்தார். மலேரியா என்று கருதி குளோரோகுயின் ஊசி போட்டார்கள். அந்த மருத்துவமனையில் தினமும் காலையில் புறநோயாளிகள் பிரிவுக்கு ஐந்து சிரிஞ்சுகளை எடுத்துக் கொடுப்பது வழக்கம். நாள் முழுக்க வரிசையில் நிற்கும் நூற்றுக்கணக்கானோருக்கும் அந்த ஐந்துதான். ஒருவருக்குப் போட்டதும் வெதுவெதுப்பான தண்ணீர் உள்ள பாத்திரத்தில் ஊசியை ஓர் அலசு அலசுவார்கள். அதே ஊசி அடுத்தவர் கைக்குப் போகும். முடிவில் நோயுற்றோர் 318 பேர், இறந்தோர் 280 பேர். ஊசி வழியாக மட்டுமே தொற்றியவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. பணியாளர்கள் 17 பேரில் 11 பேர் இறந்த பிறகு மருத்துவமனையைப் பூட்டினார்கள். பூட்டியதும் பரவல் தளர்ந்தது. அன்று தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை. நோயைப் பெருக்கிய ஊசி நின்றது, ஊர்கள் தாமாகவே நோயாளிகளைத் தனிமைப்படுத்தின, அதனால் அடங்கியது.

அதே ஆண்டில் சூடானின் தென்பகுதியில் நசாரா என்ற ஊரின் பருத்தி ஆலையில் தொடங்கிய நோய், மரிடி மருத்துவமனைக்குள் புகுந்து பெருகியது. அங்கே 284 பேருக்குத் தொற்று, 151 பேர் இறப்பு. இரண்டும் ஒரே நோய் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பின்னரே இவை இருவேறு இனங்கள் என்று தெரிந்தது: ஒன்று ஜைர் இனம், மற்றது சூடான் இனம். (நோய்க்கு ஊர்ப்பெயரை வைத்தால் அந்த ஊர் மக்களுக்குக் காலமெல்லாம் களங்கம் என்று யோசித்து, சற்றுத் தொலைவில் ஓடும் எபோலா ஆற்றின் பெயரை வைத்தார்கள். அந்தக் கரிசனம் இன்றைய தலைப்புகளிலும் இருந்தால் நல்லது.)

இனம் எது என்பதை முதல் நாள் செய்தியிலேயே சொல்ல வேண்டும் என்று நான் வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. எர்வெபோ என்ற தடுப்பூசி ஜைர் இனத்துக்கு மட்டும்தான். ஒரே தவணை போதும். 2015இல் கினியில் நடந்த சோதனையில் அதன் திறன் நிரூபிக்கப்பட்டது. 2019இல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒப்புதல் கிடைத்தது. 2021 முதல் அவசரத் தேவைக்கென உலகளாவிய கையிருப்பும் உள்ளது. இன்மாசெப், எபாங்கா என்ற இரு எதிரணு (ஆன்டிபாடி) மருந்துகளுக்கு 2020இல் ஒப்புதல் கிடைத்தது. இவையும் ஜைர் இனத்துக்கே. எபாங்காவின் மூல எதிரணு, 1995இல் காங்கோவின் கிக்விட் நகரப் பரவலில் பிழைத்த ஒருவரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. காங்கோவில் நடந்த ஒப்பீட்டுச் சோதனையில் இம்மருந்துகளைப் பெற்றவர்களில் மூவரில் ஒருவர் இறந்தார். ஆனால் ரத்தத்தில் வைரஸ் அளவு குறைவாக இருந்த நிலையிலேயே மருந்து கிடைத்தவர்களில் இறப்பு பத்தில் ஒருவர் அளவுக்கு இறங்கியது. ஆகவே ‘மருந்தே இல்லாத நோய்’ என்று எழுதுவது ஜைர் இனத்தைப் பொறுத்தவரை தவறு, ஆபத்தும்கூட. சிகிச்சையே இல்லை என்று நம்புகிறவர் ஏன் மருத்துவமனைக்கு வரப்போகிறார்?

சூடான் இனம் வந்தால் நிலைமை வேறு. 2022 செப்டம்பரில் உகாண்டாவின் முபெண்டே மாவட்டத்தில் அது பரவியபோது கையில் ஒப்புதல் பெற்ற தடுப்பூசி இல்லை. உறுதியான நோயாளிகள் 142 பேர், அவர்களில் 55 பேர் இறந்தார்கள். சோதனைக்கான தடுப்பூசிகள் டிசம்பர் 8 அன்று வந்து சேர்ந்தபோது கடைசி நோயாளியும் குணமாகி வீடு திரும்பியிருந்தார். அந்தத் தாமதத்தை உகாண்டா மறக்கவில்லை. சோதனைக்கான நெறிமுறை, அனுமதி, பயிற்சி எல்லாவற்றையும் தயார் நிலையில் வைத்துக்கொண்டது. 2025 ஜனவரி 30 அன்று கம்பாலாவில் அதே இனம் மீண்டும் அறிவிக்கப்பட்டபோது நான்காம் நாளே தடுப்பூசிச் சோதனை தொடங்கிவிட்டது. இரண்டு பரவல்களுக்கு இடைப்பட்ட அமைதிக் காலத்தில் செய்த வேலைக்குக் கிடைத்த பலன் அது.

இனத்தைப் பற்றி இன்னொரு சிக்கலும் உண்டு. களத்தில் பரவலாகப் பயன்படும் ஜீன்எக்ஸ்பர்ட் எபோலா பரிசோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தருகிறது. ஆனால் அது தேடுவது ஜைர் இனத்தை மட்டுமே. சூடான் இனமோ பூண்டிபுக்யோ இனமோ இருந்தால் ‘இல்லை’ என்றே காட்டும். சரியான பரிசோதனையானாலும், அறிகுறி தொடங்கி மூன்று நாள் ஆகுமுன் எடுத்த ரத்தத்தில் வைரஸ் பிடிபடாமல் போகலாம். 72 மணி நேரம் கழிந்த பிறகு மறுபடி எடுத்துப் பார்க்காமல் நோயாளியைப் பொது வார்டுக்கு அனுப்பக் கூடாது. ‘பரிசோதனையில் எபோலா இல்லை’ என்று முதல் நாள் வரும் செய்தியைச் சற்று நிதானித்து வெளியிட வேண்டும்.

அடுத்தது மருத்துவப் பணியாளர் எண்ணிக்கை. நோயின் தொடக்கம் காய்ச்சல், அசதி, தலைவலி, உடல்வலி. மலேரியாவும் டைபாய்டும் இப்படித்தான் தொடங்குகின்றன. ரத்தக்கசிவு எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் தாமதமாகவே வரும். ரத்தக்கசிவைப் பார்த்துத்தான் சந்தேகப்படுவோம் என்று இருந்தால், அதற்குள் செவிலியரும் துப்புரவுப் பணியாளரும் பலமுறை அந்த நோயாளியைத் தொட்டிருப்பார்கள். கிக்விட்டில் குடல் ஓட்டை என்று கருதி ஓர் ஆய்வகப் பணியாளருக்கு அறுவை சிகிச்சை செய்தார்கள்; அறுவை அரங்கில் இருந்தவர்கள் வரிசையாகப் படுத்தார்கள். அங்கே தொற்றிய 315 பேரில் நான்கில் ஒருவர் மருத்துவப் பணியாளர். கையுறையும் பாதுகாப்பு உடையும் பயிற்சியும் வந்துசேர்ந்த பிறகு பணியாளர்களிடையே தொற்று ஏறக்குறைய நின்றுபோனது. 2000இல் உகாண்டாவின் குலுவில் பரவலை முதலில் இனங்கண்டு போராடிய மருத்துவர் மேத்யூ லுக்வியா அந்நோய்க்கே பலியானார். கினி, லைபீரியா, சியரா லியோன் நாடுகளைத் தாக்கிய 2013-16 மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில் உயிரிழந்த மருத்துவப் பணியாளர்கள் ஐந்நூறுக்கும் மேல். லட்சம் பேருக்கு ஓரிரு மருத்துவர்களே இருந்த நாடுகள் அவை.

மருத்துவமனைக்குள் இதைத் தடுப்பது பெரும் தொழில்நுட்பம் அல்ல. ஆனால் நுணுக்கமான வேலை. வாசலிலேயே, ஒரு மீட்டருக்குக் குறையாத தூரத்தில் நின்றபடி, தொடாமல் கேட்க வேண்டும்: காய்ச்சல் உண்டா, நோயாளி யாரையாவது பராமரித்தீர்களா, அண்மையில் துக்க வீட்டுக்குப் போனீர்களா. சந்தேகம் என்றால் நேராகத் தனி அறை. அதற்குத் தனிக் கழிப்பறை. மலேரியா மருந்துக்கு அடங்காத காய்ச்சலோடு ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது ஆள் வந்தாலோ, செவிலியர் ஒருவர் திடீரென இறந்தாலோ, ஆய்வக முடிவுக்குக் காத்திராமல் எபோலா என்றே வைத்துக்கொண்டு நடக்க வேண்டும்.

குளோரின் கரைசல் இரண்டு வகை. 0.5 சதவீதக் கரைசல் தரை, கட்டில், கையுறை, சிந்திய கழிவு ஆகியவற்றுக்கு. 0.05 சதவீதக் கரைசல் வெறுங்கைக்கு, அதுவும் சோப்பும் ஆல்கஹால் கைத்தேய்ப்பானும் கிடைக்காதபோது மட்டும். 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.5 கிடைக்கும். 70 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூள் என்றால் லிட்டருக்குச் சுமார் 7 கிராம். அந்த 0.5 கரைசலில் ஒரு பங்கெடுத்து மறுபடி ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்தால் 0.05. கணக்கு எளிது, தவறுவது வேறு இடத்தில். நேற்றுக் கரைத்ததை இன்றும் பயன்படுத்துகிறார்கள். வெயில் படும் இடத்தில் வாளியை வைக்கிறார்கள். குளோரின் வீரியம் போய் வெறும் வாசனை மட்டும் மிஞ்சுகிறது. தினமும் புதிதாகக் கரைத்து, மூடி, நிழலில் வைத்து, எது எந்த வீரியம் என்று வாளியின் மேல் எழுத வேண்டும். இரண்டு வாளிகளும் மாறிப்போனால் கைத்தோல் புண்ணாகும் அல்லது தரையில் வைரஸ் சாகாது.

சிந்திய ரத்தத்தின் மேல் நேரடியாகக் கரைசலை ஊற்றித் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் தவறு. ரத்தமும் வாந்தியும் குளோரினைத் தின்றுவிடும். முதலில் உறிஞ்சும் துணியால் மூடி, அதன்மேல் 0.5 கரைசலை ஊற்றி, ஊறவிட்டு, துணியோடு அள்ளி எடுக்க வேண்டும். பிறகு அந்த இடத்தில் புதுக் கரைசலை ஊற்றிக் கால் மணி நேரம் விட்டுத் துடைக்க வேண்டும். மனிதர் மேல் குளோரினைப் பீய்ச்சி அடிக்கும் படங்கள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன. அப்படி அடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. கண்ணும் நுரையீரலும் கெடும். தெறிப்பில் கிருமி சிதறும். அப்படங்களைத் தவிர்க்கலாம்.

பாதுகாப்பு உடையைப் போடும்போது ஆபத்து குறைவு, கழற்றும்போதுதான் அதிகம். வெப்பத்தில் ஒரு மணி நேரம் அதற்குள் இருந்தவருக்குக் கண்ணாடி ஆவி படிந்து, வியர்வை கண்ணில் இறங்கி, எப்போது கழற்றுவோம் என்றிருக்கும். அந்த அவசரத்தில் கையுறையோடு முகத்தைத் தொடுவதுதான் நடக்கும் விபத்து. அதனால் தனியே கழற்றவே கூடாது. எதிரில் ஒருவர் நின்று ஒவ்வொரு படியையும் உரக்கச் சொல்ல வேண்டும். வெளிக் கையுறை, கைச்சுத்தம், மேலுடையை உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி இறக்கி, கைச்சுத்தம், கண்ணாடியைப் பின்பட்டையைப் பிடித்து முன்னோக்கி எடுத்து, கைச்சுத்தம், முகக்கவசமும் அதேபோல், கடைசியில் உள் கையுறை, மீண்டும் கைச்சுத்தம். ஓரிடத்தில் உடையின் வடிவமைப்பு மாறினால் வரிசையும் சற்று மாறும். ஆனால் ஒவ்வொரு படிக்கும் நடுவே கையைச் சுத்தம் செய்வது மட்டும் மாறாது.

மூன்றாவது தகவலுக்கு வருகிறேன். என் பார்வையில் மூன்றிலும் முக்கியமானது இதுவே. எபோலா தொற்றினால் 2 முதல் 21 நாளுக்குள் அறிகுறி தெரியும். அறிகுறி தெரியுமுன் அவரிடமிருந்து பிறருக்குப் பரவாது. காற்றில் பரவாது, ரத்தம், வாந்தி, கழிவு முதலிய உடல் திரவங்களைத் தொடுவதால் பரவும். ஆகவே நோயாளியைத் தொட்ட ஒவ்வொருவரையும் 21 நாள் தினமும் நேரில் பார்த்து, காய்ச்சல் கண்ட அன்றே தனிமைப்படுத்தினால் சங்கிலி அறும். புதிய நோயாளிகள் எல்லோரும் பட்டியலில் இருந்தவர்கள் என்றால் எண்ணிக்கை கூடினாலும் பரவல் கட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். பட்டியலில் இல்லாதவர்கள் வந்துகொண்டே இருந்தால், ஒரு நாளைக்கு மூன்றே பேர் வந்தாலும் கண்ணுக்குத் தெரியாத சங்கிலி எங்கோ ஓடுகிறது.

நைஜீரியாவைப் பாருங்கள். 2014 ஜூலை 20 அன்று லைபீரியாவிலிருந்து வந்த ஒரு பயணி லாகோஸ் விமான நிலையத்தில் மயங்கி விழுந்தார். கோடிக்கு மேல் மக்கள் நெருக்கியடித்து வாழும் நகரம். அவரை மருத்துவமனையிலிருந்து விடுவிக்கச் சொல்லி வந்த அழுத்தத்துக்கு மருத்துவர் அமேயோ அடாடெவோ பணியவில்லை. எபோலா என்று சந்தேகித்துப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தார். தொற்றுக்கு ஆளாகி அடுத்த மாதமே இறந்துபோனார். போலியோ ஒழிப்புக்காக ஏற்கெனவே இயங்கிவந்த அவசரகால மையத்தின் ஆட்களும் அனுபவமும் எபோலாவுக்குத் திருப்பப்பட்டன. தொடர்பில் வந்தவர்களாக 894 பேரைக் கண்டறிந்து, சுமார் 18,500 முறை வீடு தேடிப் போனார்கள். 894 பேரை ஆளுக்கு 21 நாள் பார்த்தால் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான் வரும். ஏறக்குறைய ஒரு நாளும் விடவில்லை என்பதை அந்த எண்ணே காட்டுகிறது. 20 நோயாளிகள், 8 இறப்பு. அக்டோபர் 20 அன்று நோய் நீங்கியதாக அறிவிப்பு வந்தது.

அதே வைரஸ், 2016 வரை நீடித்த மேற்கு ஆப்பிரிக்கப் பரவலில், கினி, லைபீரியா, சியரா லியோனில் 28,600க்கும் மேற்பட்டோரைத் தொற்றி 11,300க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. கினியின் மெலியாண்டு கிராமத்தில் 2013 டிசம்பரில் தொடங்கிய நோய்க்கு எபோலா என்று பெயர் தெரிய மூன்று மாதம் ஆனது. அதற்குள் எல்லை தாண்டிவிட்டது. யார் யாரைத் தொட்டார்கள் என்று பட்டியல் போடத் தொடங்கும் முன்பே பட்டியல் கைக்கு அடங்காமல் போனது.

தடுப்பூசி வந்துவிட்டது, இனி பட்டியல் எதற்கு என்று கேட்கலாம். தடுப்பூசி போடுவதே அந்தப் பட்டியலை வைத்துத்தான். நோயாளியோடு தொடர்பில் இருந்தவர்கள், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்கள் என இரண்டு சுற்று வளையமாகப் போடுகிறார்கள். காப்பு உண்டாகச் சுமார் பத்து நாள் ஆகும் என்பதால் வெளி வளையம் அவசியம். தடுப்பூசியை உறைநிலைக்குக் கீழே 60 முதல் 80 டிகிரி குளிரில் வைத்திருக்க வேண்டும். உருகிய பின் 2 முதல் 8 டிகிரியில் இரண்டு வாரம்தான் தாங்கும். காங்கோவின் வடக்கு கிவு, இதுரி பகுதிகளில் 2018 ஆகஸ்ட் முதல் 2020 ஜூன் வரை நீடித்த பரவலில் மூன்று லட்சம் பேருக்கு மேல் தடுப்பூசி போட்டும் 3,470 பேருக்குத் தொற்று, 2,287 பேர் இறப்பு. தடுப்பூசி தோற்கவில்லை. பட்டியல் தோற்றது. ஆயுதக் குழுக்களின் தாக்குதலில் களப்பணி பலமுறை நின்றது. 2018 டிசம்பர் தேர்தலில் எபோலாவைக் காரணம் காட்டி பெனி, புடெம்போ நகரங்களில் வாக்குப்பதிவைத் தள்ளிவைத்தார்கள். மக்கள் கொதித்தெழுந்து பெனியில் எபோலா மையத்தைச் சூறையாடினார்கள். நோய் என்பது அரசியல் சூழ்ச்சி என்று நம்பிவிட்டவர் தன் பெயரைப் பட்டியலில் எழுத விடுவாரா? 2019 ஏப்ரலில் உலக சுகாதார நிறுவன மருத்துவர் ரிச்சர்ட் மூசோகோ புடெம்போவில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மக்கள் ஒளிந்துகொள்வதற்குக் காரணம் அறியாமை என்று எழுதுவது எளிது. 21 நாள் வெளியே போகாதே என்று சொல்லிவிட்டு அந்த வீட்டுக்கு அரிசி, மாவு, தண்ணீர் தராவிட்டால் கூலிக்காரர் என்ன செய்வார்? உணவு வீடு தேடிவர வேண்டும். பார்க்க வருபவர் அதே ஊர்க்காரராக, அதே மொழி பேசுபவராக இருக்க வேண்டும்.

சாவுச் சடங்கும் அப்படித்தான். இறந்த உடலில் வைரஸ் மிக அதிகம். குளிப்பாட்டுவதும் முத்தமிடுவதும் தொற்றைக் கொண்டுவரும். கினியில் ஒரு கட்டத்தில் தொற்றுகளில் 60 சதவீதத்தை இறுதிச் சடங்குகளோடு தொடர்புபடுத்த முடிந்தது. தொடக்கத்தில் வெள்ளை உடையில் யாரோ வந்து உடலைப் பையில் அடைத்துத் தூக்கிப்போனார்கள். குடும்பங்கள் உடல்களை மறைக்கத் தொடங்கின. இரவில் ரகசியமாகப் புதைத்தன. 2014 இறுதியில் மதத் தலைவர்களோடு சேர்ந்து நடைமுறையை மாற்றினார்கள். உடலைத் தொடுமுன் குடும்பத்தோடு பேசுவது, உடை அணியுமுன் முகம் தெரிய வணக்கம் சொல்வது, முஸ்லிம்களுக்கு நீரின்றிச் செய்யும் சுத்திச் சடங்கை அனுமதிப்பது, குழியருகே பிரார்த்தனைக்கும் பேச்சுக்கும் நேரம் விடுவது, கல்லறையில் பெயர் எழுதுவது. பையை மூடுவதற்கு எவ்வளவு முக்கியத்துவமோ அவ்வளவு முக்கியத்துவம் இவற்றுக்கும் தர வேண்டும் என்று கற்றுக்கொள்ள ஆயிரக்கணக்கான உயிர்கள் போயின.

வௌவாலைப் பற்றி. பழந்தின்னி வௌவால்களில் மூன்று இனங்களில் எபோலாவின் மரபணுத் துணுக்குகளும் எதிரணுக்களும் கிடைத்ததாக 2005இல் அறிவிக்கப்பட்டது. உயிருள்ள எபோலா வைரஸை எந்த வௌவாலிடமிருந்தும் பிரித்தெடுத்ததில்லை. வலுவான சந்தேகம் என்பதே சரியான சொல். காட்டில் செத்துக் கிடக்கும் குரங்கு, மான் ஆகியவற்றைத் தொட்டு அறுப்பதால் தொற்று வந்த நிகழ்வுகள் உண்டு. நன்றாக வெந்த இறைச்சியில் வைரஸ் இருக்காது. எப்படியாயினும் பரவல்களில் நோயுற்றோரில் பெரும்பாலோர் எந்த விலங்கையும் தொட்டவர்கள் அல்லர்.

காட்டுக்கே போகாமலும் எபோலா திரும்பலாம் என்பது 2021இல் தெரிந்தது. கினியின் தென்கிழக்கில் அவ்வாண்டு பிப்ரவரியில் தொடங்கிய பரவலின் வைரஸை ஆராய்ந்தபோது, அது 2014இன் வைரஸோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. புதிதாக விலங்கிலிருந்து வந்திருந்தால் அத்தனை ஒற்றுமை இருக்காது. பிழைத்த ஒருவரின் உடலில் ஐந்தாண்டுக்கு மேல் தங்கியிருந்திருக்கிறது. விந்து, கண், மூளை போன்ற, நோயெதிர்ப்பு எளிதில் எட்டாத இடங்களில் வைரஸ் தங்கக்கூடும். பிழைத்த ஆண்களுக்கு அறிகுறி தொடங்கி மூன்றாம் மாதம் முதல் மாதாமாதம் விந்துப் பரிசோதனை செய்து, ஒரு வார இடைவெளியில் இருமுறை ‘இல்லை’ என்று வரும்வரை ஆணுறையும் ஆலோசனையும் தர வேண்டும். இதைச் சொல்லும்போது பத்திரிகைகள் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். ஐந்தாண்டு என்பது மிக அரிது. பிழைத்தவரோடு கைகுலுக்குவதாலோ சேர்ந்து உண்பதாலோ எதுவும் வராது. அவர்களை ஒதுக்கினால் பரிசோதனைக்கும் வரமாட்டார்கள்.

கடைசி நோயாளிக்கு இருமுறை பரிசோதனையில் ‘இல்லை’ என்று வந்த பிறகோ, அவர் இறந்து அடக்கமான பிறகோ, 42 நாள் புதிய தொற்று இல்லாவிட்டால் பரவல் முடிந்ததாக அறிவிப்பார்கள். 21இன் இருமடங்கு அது. அத்துடன் செய்தியும் முடிந்துவிடுகிறது. ஆனால் அதன்பின் இன்னும் 90 நாள் தீவிரக் கண்காணிப்பு தொடர வேண்டும் என்பது விதி. நிதி வற்றத் தொடங்குவதும் அந்த நாட்களில்தான். காங்கோவின் கசாய் மாகாணத்தில் 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட பரவல் டிசம்பர் முதல் நாள் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. அதே மாகாணம் 2007இலும் 2008இலும் எபோலாவைச் சந்தித்த இடம். இப்படிப்பட்ட ஊர்களின் மருத்துவமனைகளில் இன்று கையுறை இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா, செவிலியருக்குச் சம்பளம் கிடைக்கிறதா, சந்தேக நோயாளியைப் படுக்கவைக்க ஒரு தனி அறை உண்டா? நோய் இல்லாத நாளொன்றில் இதையும் கேட்டு ஒரு செய்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்